கல்யாணப் பாட்டு, விளம்பரப் பாட்டு ஆர்டர்: விலை எப்படி வைப்பது?

#1 கீபோர்ட்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண ஜோடிக்கான பாட்டு, கடை விளம்பரப் பாட்டு, யூடியூப் சேனலுக்கு முகப்பு இசை ஆகிய மூன்றுக்கும் ஆர்டர் எடுத்துச் செய்ய விலைப்பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டியலின் முதல் வரி இது: மூன்று நிமிடப் பாட்டு, ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, புல்லாங்குழல் மட்டும் நேரடிப் பதிவு, மற்றதெல்லாம் ப்ரோகிராமிங், அதாவது கணினியில் அமைக்கும் இசை. பாடலாசிரியர் வெளியாள். விலை ரூ.15,000, திருத்தங்கள் உட்பட.

இது சரியா? மணிக்கணக்கில் விலை சொல்வதா, பாட்டுக்கு இவ்வளவு என்று சொல்வதா? திருத்தம் எத்தனை முறை கொடுப்பது? விளம்பரப் பாட்டுக்கு உரிமையை எப்படிக் கணக்கிடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தம்பூரா_திருச்சி

தம்பி, வாடிக்கையாளரிடம் பாட்டுக்கு இவ்வளவுன்னு சொல்லுங்க. ஆனா அந்தத் தொகைக்கு நீங்க வந்து சேர வேண்டிய வழி மணிக்கணக்குதான். இங்கேயே போட்டுப் பார்த்துடலாம். தொகை எல்லாம் உதாரணம், உங்க ஊர் ரேட்டை மாத்திப் போட்டுக்குங்க.

முதல்ல ஒரு மணி நேரத்தோட விலை. வீட்டுச் செலவுக்கு மாசம் 40,000 வேணும். ரூம் வாடகைப் பங்கு, கரண்ட், சாப்ட்வேர், மைக், இன்டர்ஃபேஸ் தேய்மானம் எல்லாம் சேர்த்து 12,000. ஆக 52,000. மாசம் 25 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 200 மணி. அத்தனைக்கும் பில் போட முடியாது. ஆர்டர் தேடுறது, போன் பேசுறது, சாதகம் பண்றது, பாக்கி கேட்டு அலையுறது இதுலயே பாதிக்கு மேல போயிடும். முகூர்த்தம் இல்லாத மாசம் வேற இருக்கு. சராசரியா 80 மணிதான் காசாகும்னு வையுங்க. 52,000-ஐ 80-ஆல் வகுத்தா 650.

இப்ப உங்க பாட்டுக்கு வருவோம். மெட்டு 6 மணி, ப்ரோகிராமிங் 14, ரெண்டு குரலும் குழலும் பதிவு 4, குரல் எடிட்டிங் 4, மிக்ஸும் மாஸ்டரும் 7, வாட்ஸப் பேச்சும் திருத்தமும் 5. ஆக 40 மணி. 650 வீதம் 26,000.

வெளியே கொடுக்க வேண்டியது: பாடலாசிரியர் 5,000, பாடகர் ரெண்டு பேருக்கு 8,000, குழல் 4,000, குரல் பதிவுக்கு ஸ்டூடியோ 4 மணி 3,200. கூட்டினா 20,200. பாடகருக்குத் தொண்டை கட்டி இன்னொரு நாள் ஸ்டூடியோ எடுக்க வேண்டி வரும், அதுக்காக இந்த வெளிச்செலவு மேல 10 சதவீதம், 2,020. எல்லாம் சேர்ந்து 48,220.

நீங்க சொல்ற 15,000-ல வெளிச்செலவே அடங்கல. உங்க 40 மணி உழைப்பையும் கொடுத்து, கைக்காசு 5,200-ம் போடுறீங்க. "முதல் ஆர்டர்தானே, பேர் கிடைக்கும்"னு இறங்கினா அடுத்த பத்து பேரும் அதே 15,000-ஐத்தான் கேட்பாங்க. ஏன்னா அவங்க முதல் ஆளோட சொந்தக்காரங்களாத்தான் இருப்பாங்க.

#3 மெட்டு_மதுரை

கணக்கு சரி அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு கல்யாணப் பாட்டுக்கு 48,000 என்று சொன்னால் அந்த எண் மறுபடி அழைக்காது. பந்தல்காரர், சமையல்காரர், போட்டோகிராபர் எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் பாட்டு. தம்பி போன்றவர்கள் அந்த ஊரில்தான் பிழைக்க வேண்டும்.

#4 தம்பூரா_திருச்சி

மதுரைக்காரர் சொல்றது நியாயம். அதுக்கு வழி ரேட்டைக் குறைக்கிறது இல்ல, வேலையைக் குறைக்கிறது. 650-ல கை வைக்காதீங்க, 40 மணியில கை வையுங்க.

ஆடி மாசம் சும்மா இருக்கும்போது ஆறு மெட்டு முழுசா ப்ரோகிராம் பண்ணி வச்சுக்கணும். ரெண்டு துள்ளல், ரெண்டு மெலடி, ஒண்ணு நாட்டுப்புறம், ஒண்ணு மாப்பிள்ளை அழைப்புக்கு. வாடிக்கையாளர் அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கட்டும். பல்லவியில பேர் வர்ற இடம், சரணத்துல ஊர், குடும்பம் வர்ற இடம், இதை மட்டும் புதுசா எழுதிப் பாட வைக்கிறோம். ஒரே குரல், நேரடிக் கருவி கிடையாது. உங்க நேரம் 10 மணி, 6,500. பாடகர் 4,000, வரி மாத்த 2,000, ஸ்டூடியோ 2 மணி 1,600. ஆக 14,100. இதைத் தாராளமா 15,000-க்குக் கொடுக்கலாம்.

ஒண்ணு மட்டும் எழுத்துல இருக்கணும்: "இந்த மெட்டு வேறு குடும்பங்களுக்கும் வேறு வரிகளோடு தரப்படும்." இதைச் சொல்லாம விட்டா, ஒரே மண்டபத்துல ரெண்டு வாரம் கழிச்சு அதே மெட்டைக் கேட்டுட்டு சண்டைக்கு வருவாங்க. அவங்க கோபத்துலயும் நியாயம் இருக்கும். தனக்கு மட்டும்னு வேணும்கிறவங்களுக்கு அந்த ரூ.48,000 பாட்டு இருக்கு.

#5 சுருதிப்பெட்டி

விலை பேசும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் சொல்லவில்லையே. நேரம் விரயமாவதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலாவது, கட்டை, அதாவது பாடும் சுருதியின் அளவு. ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில் சௌகரியமாகப் பாடுவார், பெண் பாடகர் ஐந்தரையில். ஒரே மெட்டை இருவரும் பாட வேண்டும் என்றால் ஒருவருக்குக் கீழே இறங்கிக் காற்றாகிவிடும், அல்லது மற்றவருக்கு மேலே கீச்சிடும். பாடகர் யார் என்று முடிவாகாமல் ப்ரோகிராமிங் தொடங்கினால் பதிவு அன்று சுருதியை மாற்றச் சொல்வார்கள். மிடியில், அதாவது கீபோர்டு வழியாகக் கணினியில் சுரங்களாகப் பதிந்ததில், இருப்பதெல்லாம் சொன்னபடி நகரும். ஆடியோ லூப்புகளை (முன்பே பதிந்து விற்கும் சின்ன இசைத்துண்டுகளை) இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தினால் தாளக்கருவியின் தோல் சத்தமே மாறிப்போகும். முன்பே பதிந்த குழல் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆகவே பாடகரிடம், "கீழே எந்தச் சுரம் வரை தெளிவாக வரும், மேலே எதுவரை அழுத்தாமல் வரும்" என்று ஒரு குரல் பதிவு வாங்கிவிட்டு மெட்டுக்கு உட்காருங்கள். ஜோடிப் பாட்டில் பல்லவியை ஆணின் சுருதிக்கு வைத்து, பெண் பாடும் சரணத்தை வேறு ஆதார சுருதிக்கு நகர்த்துவது பெரும்பாலும் உதவும். ஆனால் அந்த நகர்வுக்கு வழி செய்யும் இடையிசையை மெட்டுப் போடும்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நாதஸ்வரம். கல்யாணப் பாட்டு என்றதும் "ஒரிஜினல் நாதஸ்வரம் வேண்டும்" என்பார்கள். இப்போது வழக்கத்தில் உள்ள பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டை. நீங்கள் நாலு கட்டையில் பாட்டை முடித்துவிட்டுக் கூப்பிட்டால், வித்வான் வந்து உட்கார்ந்து, இந்தச் சுருதிக்கு நாயனம் இல்லை என்று எழுந்துபோவார். அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும், ஸ்டூடியோவுக்கும் கொடுக்க வேண்டும். நாதஸ்வரம் உண்டு என்றால் வித்வானின் சுருதியை முதலில் கேளுங்கள், பாட்டை அதற்குள் கட்டுங்கள். குரல் பதியும் சின்னக் கூண்டு அறையில் அதை எடுக்க முடியாது. பெரிய அறை, மைக் தள்ளி. தவிலும் சேர்ந்தால் இன்னும் பெரிய அறை. அந்த வாடகை வித்தியாசம் விலையில் ஏற வேண்டும்.

மிருதங்கத்துக்கும் இதே எச்சரிக்கை. தக்கு (தாழ்ந்த) சுருதி, ஹெச்சு (உயர்ந்த) சுருதி என்று வாத்தியமே வேறு. எந்தக் கட்டை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவர் சரியானதை எடுத்து வருவார்.

மூன்றாவது, பெயர். ஆங்கில எழுத்தில் தரணியும் தாரணியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பத்திரிகையில் உள்ளதைப் பார்த்துப் பாடகர் பாடிவிடுவார், பெண் வீட்டார் கேட்டதும் முகம் மாறும். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்குங்கள், கூடவே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் உச்சரித்த குரல் பதிவும் வாங்குங்கள். குரல் பதிவு முடிந்த பிறகு ஒரு பெயரை மாற்றுவது ஒரு சொல் வேலை அல்ல. பாடகரை மறுபடி அழைக்க வேண்டும், அதே மைக், அதே தூரம், அதே அறை வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு சொல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

#6 கீபோர்ட்_கோவை

மிக்க நன்றி. வெளிச்செலவைக் கூட்டிப் பார்க்காமல் விலை வைத்தது என் தவறு என்று புரிகிறது. திருத்தம் பற்றிச் சொல்லுங்கள். "மூன்று திருத்தம் இலவசம்" என்று போடலாமா?

#7 மிக்ஸ்_மேசை

எண்ணிக்கை மட்டும் போடாதீர்கள். திருத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. "குழல் சத்தம் கொஞ்சம் கூட்டுங்க" என்பது கால் மணி நேரம். "சரணத்துல ரெண்டாவது வரி பிடிக்கல" என்பது குரல் பதிவுக்கு முன்னால் அரை மணி, பின்னால் ஒரு நாள். "மெட்டு வேற மாதிரி இருந்தா நல்லாருக்கும்" என்பது புது ஆர்டர்.

அதனால் பூட்டு முறை வையுங்கள். முதல் பூட்டு மெட்டு. கீபோர்டும் உங்கள் குரலுமாகத் தத்தகாரத்தில் (வரிகள் இல்லாமல் தன, தான என்று) ஒரு நிமிடம் பாடி அனுப்புங்கள். இரண்டு மெட்டு கொடுக்கலாம், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம். அவர்கள் "இது ஓகே" என்று எழுதிய பிறகு மெட்டு மாறாது. இரண்டாவது பூட்டு வரிகள். முழுப் பாட்டையும் எழுத்தில் அனுப்பி, பெயர்களைச் சரிபார்த்து ஒப்புதல் வாங்குங்கள். மூன்றாவது பூட்டு மிக்ஸ். இங்கே இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம், ஒவ்வொரு சுற்றும் ஒரே செய்தியில் பட்டியலாக வர வேண்டும். இதை வலியுறுத்துங்கள். இல்லாவிட்டால் மாமா ஒரு செய்தி, சித்தி ஒரு செய்தி, மாப்பிள்ளையின் நண்பன் ஒரு செய்தி, மூன்றும் ஒன்றுக்கொன்று எதிராக வரும். ஒப்புதல் சொல்ல ஒரே ஆள்தான் என்று முதல் நாளே பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணத்தையும் இந்தப் பூட்டுகளோடு கட்டிவிட வேண்டும். ஆர்டர் உறுதியாகும்போது 50 சதவீதம். மெட்டும் வரியும் பூட்டியதும், பாடகரை அழைக்கும் முன் 30. முழுத்தரக் கோப்பு கைமாறும் முன் கடைசி 20. இந்த 30 எதற்கு என்றால், அந்தக் கட்டத்தில்தான் வெளியாட்களுக்குக் கைக்காசு போகிறது.

ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரியில் 20 நொடிக்கு ஒரு முறை "மாதிரிப் பதிவு" என்று ஒரு குரல் ஏற்றுங்கள். அந்தக் குரல் இல்லாமல் அனுப்பிய மாதிரியையே எடுத்து அழைப்பிதழ் வீடியோவில் ஒட்டிவிட்டு, கடைசி 20 சதவீதத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வழக்கமாக நடக்கிறது.

கொடுக்கும் கோப்பு விவரமும் ஒப்பந்தச் செய்தியிலேயே இருக்கட்டும். வீடியோ எடிட்டருக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். போனில் கேட்க 320 எம்பி3. ஒலி அளவு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சராசரி ஒலி அளவின் அலகு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல். அதைவிட அழுத்திக் கொடுத்தால் யூடியூப் தானாகக் குறைத்துவிடும், அழுத்தியதால் நசுங்கிய தாளம் மட்டும் நசுங்கியபடியே நிற்கும். குரல் இல்லாத டிராக், 30 நொடி வெட்டு, ரீல்ஸுக்கு 15 நொடி வெட்டு இவற்றையும் மிக்ஸ் திறந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அப்போது அரை மணி வேலை. எட்டு மாதம் கழித்துக் கேட்டால் ப்ளக்-இன் பதிப்பு மாறியிருக்கும், ப்ராஜெக்ட் பழையபடி திறக்காது. வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டிரைவ் இணைப்பாக அனுப்புங்கள்.

#8 மெட்டு_மதுரை

ஒப்புதல் ஒரே ஆள் என்பதை நானும் வழிமொழிகிறேன். ஒன்று சேர்க்கிறேன்: "இந்தப் படப் பாட்டு மாதிரியே வேணும்" என்று இணைப்பு அனுப்புவார்கள். அந்தப் பாட்டில் எது பிடித்தது என்று கேளுங்கள். வேகமா, அந்தக் குழலா, ராகத்தின் சாயலா, கூட்டமாகப் பாடும் உற்சாகமா? ராகம், தாளம், வேகம் இவை யாருடைய சொத்தும் இல்லை. மெட்டு உரிமையுள்ளது. பல்லவியைக் கேட்டதும் மூலப் பாட்டு ஞாபகம் வந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

#9 உரிமைப்பத்திரம்

உரிமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். இழையில் அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து இதுதான்: வேலைக்கு ஒரு விலை, உரிமைக்கு ஒரு விலை. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுவிட்டால், கல்யாண வீட்டுக்கும் நகைக்கடைக்கும் ஒரே விலையில் விற்றுவிடுவீர்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் குறைந்தது மூன்று சொத்துகள் உள்ளன. மெட்டு இசையமைப்பாளருடையது. வரிகள் பாடலாசிரியருடையது. ஒலிப்பதிவு, அதை முன்னெடுத்துப் பொறுப்பேற்று உருவாக்கிய தயாரிப்பாளருடையது. நீங்களே செலவு செய்து பதிவு செய்தால் தயாரிப்பாளரும் நீங்கள்தான் என்று வாதிட இடமுண்டு. கடைக்காரர் ஸ்டூடியோ, பாடகர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து பணம் கட்டினால் அவர் தயாரிப்பாளர் ஆகிறார். யார் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் குழப்பமில்லை. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. அவர்களிடமும் ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள்.

அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வொரு இசைக்கலைஞரும் ஒரு முறை படிக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய அது காலாவதியாகும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை முழுமையாக எழுதிக்கொடுத்துவிட முடியாது. "எல்லா உரிமையும் எனக்கே, ராயல்டியும் கேட்கக் கூடாது" என்று அச்சடித்த தாளை நீட்டுகிறவர்களிடம் இதைப் பணிவாகச் சொல்லலாம்.

விலைக்கு என் பரிந்துரை: கல்யாணம், பிறந்தநாள் போன்ற சொந்த உபயோகத்துக்கு அடிப்படை விலை மட்டும். அதில் அழைப்பிதழ் வீடியோ, மண்டபத்தில் ஒலிபரப்பு, குடும்பத்தாரின் சொந்த இணையப் பக்கம் அடங்கும். வீடியோகிராபர் தன் மற்ற வேலைகளுக்கு அதைப் பயன்படுத்துவது அடங்காது. கடை விளம்பரம் என்றால் அடிப்படையோடு 50 சதவீதம் சேர்த்து, ஓராண்டு, ஒரு மாவட்டம், உள்ளூர் கேபிளும் சமூக ஊடகமும். மாநிலம் முழுவதும், வானொலி, திரையரங்கம் என்று விரிந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அடுத்த ஆண்டு நீட்டிக்க அடிப்படையில் 30 முதல் 40 சதவீதம். முழு உரிமையும் வேண்டும் என்றால் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கேளுங்கள். சிறிய கடைக்காரர் மலைத்தால், ஓராண்டு உரிமை போதுமே என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் வேறு பாட்டுத்தான் கேட்பார்.

வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரு நல்ல காரணமும் சட்டத்தில் இருக்கிறது. திருமணம், அது சார்ந்த கொண்டாட்டங்களில் பாடல்களை ஒலிக்க 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அதே சினிமாப் பாட்டை வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றினால் அந்த விலக்கு உதவாது. வீடியோ முடக்கப்படும், சத்தம் நீக்கப்படும். புதிதாகச் செய்யும் பாட்டுக்கு அந்தப் பயம் கிடையாது.

#10 கீபோர்ட்_கோவை

அப்படியானால் நான் செய்த பாட்டையே விநியோகஸ்தர் (பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) மூலம் எல்லாத் தளங்களிலும் ஏற்றினால் அவர்கள் வீடியோவுக்கு உரிமைக் கோரிக்கை வராதா?

#11 மிக்ஸ்_மேசை

நிச்சயம் வரும். விநியோகஸ்தரிடம் கன்டென்ட் ஐடி (ஒரே பாட்டு வரும் வீடியோக்களை யூடியூப் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) வசதியைத் தேர்ந்தெடுத்தால், மணமக்கள் ஏற்றும் வீடியோவையே யூடியூப் பிடித்துவிடும். கல்யாணத்துக்கு மறுநாள் அந்த வீட்டிலிருந்து வரும் போன் உங்களுக்கு நல்லதல்ல. ஒன்று, அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இல்லையென்றால் அவர்களது சேனலை விலக்குப் பட்டியலில் முன்பே சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: பொதுவாக விற்கும் லூப்புகளை வைத்துச் செய்த பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதியவே கூடாது. அதே லூப்பை வாங்கிய இன்னொருவரின் பாட்டு உங்களுடையது என்று பிடிபடும், அல்லது அவருடையது என்று உங்கள் வாடிக்கையாளர் பிடிபடுவார். யாருக்காவது முழு உரிமை எழுதிக்கொடுப்பதாக இருந்தால் முக்கிய மெலடி இடங்களில் லூப்பே வேண்டாம்.

#12 ஜதி_அக்கா

கல்யாணப் பாட்டையே பேசிக்கிட்டு இருக்கீங்க. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கான இசைப்பதிவு ஆர்டரையும் யோசிச்சுப் பாருங்க தம்பி. டொரொண்டோ, லண்டன், சிட்னியில இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைங்க அரங்கேற்றத்துக்கும் பயிற்சிக்கும் இங்கதான் பதிவு பண்ணி வாங்குறாங்க. வேலை நிறைய, விலையும் அதுக்கேத்தது. ஆனா முறை தெரியாம இறங்கினா கஷ்டம்.

நிமிஷக் கணக்குல விலை சொல்லாதீங்க. உருப்படிக் கணக்குல, அதாவது ஆடுற ஒவ்வொரு நடனத்துக்கும் இவ்வளவுன்னு, சொல்லுங்க. அலாரிப்பு அஞ்சு நிமிஷம்தான், வாய்ப்பாட்டே இல்லை. வர்ணம் முப்பது நிமிஷத்துக்கு மேல போகும், மொத்த வேலையில பாதி அது ஒண்ணுலயே இருக்கு. திரிகால ஜதி, ஒவ்வொரு தீர்மானம் (ஜதியை முடிக்கிற கோர்வை), சரணத்துல சுரமும் சாகித்தியமும், சஞ்சாரிக்கு (ஒரே வரிக்கு விதவிதமா அபிநயம் பிடிக்கிற இடம்) அந்த வரியை எத்தனை தடவை பாடணும், இதெல்லாம் நடனத்தை நடத்துற நட்டுவனார் கையில இருந்து எழுத்துல வரணும். "இந்த வரி எட்டு முறை, அதுல அஞ்சாவது முறையிலிருந்து நெரவல் மாதிரி விரிக்கணும்"னு அவ்வளவு தெளிவா. கூடவே குழந்தை தாளத்தோட ஆடுற ஒத்திகை வீடியோ ஒண்ணு. காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, அதுல இருந்துதான் எடுக்கணும். பேச்சுல "மத்திம காலம்"னு சொல்றது ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வேகம்.

எது தப்பாகும்னா, பதிவு முடிஞ்சு அனுப்பின பிறகு "இந்தச் சஞ்சாரிக்கு இன்னும் நாலு முறை வேணும்"னு செய்தி வரும். நட்டுவனாரோட தட்டுக்கழி வேகத்தைக் கிளிக்கா (பாடுறவங்க காதுல ஒலிக்கிற சீரான தட்டு) வச்சு, அதுக்குப் பாடி, அதுக்கு மிருதங்கம் வாசிச்சிருந்தா ஒரு ஆவர்த்தனத்தை (ஒரு தாளச் சுற்றை) வெட்டி ஒட்டலாம். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து கிளிக் இல்லாம வாசிச்சிருந்தா வேகம் மெல்ல ஏறியிருக்கும், ஒட்டின இடத்துல கால் தடுமாறும். ஆடுற பிள்ளைக்குத்தான் அது முதல்ல தெரியும். ஆனா கிளிக் வச்சா பதம் மாதிரி உருப்படியில உயிர் போயிடும். அதனால அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானாவுக்குக் கிளிக், பதத்துக்கு வேண்டாம்னு நான் சொல்வேன். பதத்துல திருத்தம் கிடையாதுன்னும் முன்னாடியே எழுதிடுங்க.

ஒவ்வொரு உருப்படிக்கும் ரெண்டு கோப்பு கொடுங்க. ஒண்ணு மேடைக்கு. இன்னொண்ணு தாளமும் சொல்கட்டும் தூக்கலா பயிற்சிக்கு. ஆரம்பத்துல ஒரு ஆவர்த்தனம் தாளம் மட்டும் வச்சு ஒரு பிரதி இருந்தா அந்தக் குடும்பம் உங்களை மறக்காது.

#13 உரிமைப்பத்திரம்

அக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. பாரம்பரிய உருப்படி என்றாலே உரிமையில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. தஞ்சை நால்வர் (பரதநாட்டிய உருப்படிகளை அமைத்த நான்கு சகோதரர்கள்), தியாகராஜர் ஆகியோரின் படைப்புகளுக்குத் தடையில்லை. இந்தியாவில் இசைக்கும் வரிகளுக்கும் உரிமைக் காலம் ஆக்கியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு, அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். அவர் கிருதிகள் 2033 முடிய உரிமையில் உள்ளன. லால்குடி ஜெயராமன் 2013-ல் மறைந்தார். அவருடைய வர்ணங்களும் தில்லானாக்களும் 2073 வரை. பாரதியார் வரிகளை யாரும் பயன்படுத்தலாம், அவற்றை அரசு வாங்கிப் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் பாரதியார் பாட்டுக்குப் பிறர் போட்ட மெட்டு அந்த இசையமைப்பாளருடையது. சொந்த மெட்டுப் போட்டுக்கொடுங்கள். வாடிக்கையாளருக்கு வரிகளின் செலவு மிச்சம், உங்களுக்கு மெட்டு சொந்தம்.

#14 கணக்கு_நோட்டு

பணம் பற்றிச் சுருக்கமாக.

தனி நபர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கொடுக்கும் தொகையில் பொதுவாக வரிப் பிடித்தம் (டிடிஎஸ்) வராது. நிறுவனம் ஒரு நிதியாண்டில் ரூ.50,000-க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பான் கொடுக்காவிட்டால் 20. அது உங்கள் பணம்தான், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் கைக்கு வருவது குறையும். அதே தொகையை நம்பிப் பாடகருக்குத் தேதி சொல்லிவிட்டு விழிக்கக் கூடாது. ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்த 20 லட்சம் லாபம் அல்ல, மொத்த வரவு. பாடகருக்கும் குழலுக்கும் உங்கள் வழியாகப் போகும் தொகையும் அதில் சேரும். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்கக் கூடாது.

ஃபைவர் போன்ற, வேலை ஆர்டர் பிடித்துத் தரும் இணையதளத்தில் வெளிநாட்டு ஆர்டர் எடுத்தால் அது 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கையில் 10,000 வேண்டும் என்றால் 12,500 போட வேண்டும். பலர் 12,000 போட்டுவிட்டு 400 ரூபாய் எங்கே என்று தேடுகிறார்கள். அதற்கு மேல் நாணய மாற்றுக் கழிவு வேறு.

#15 மெட்டு_மதுரை

குறும்படக்காரர்கள் "படம் ஓடினதும் தர்றோம்" என்பார்களே, அதற்கு என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். இலவசமாகச் செய்வதானால் உரிமையைக் கொடுக்காதீர்கள். "திரைப்பட விழாக்களில் திரையிட ஓராண்டு அனுமதி, ஓடிடிக்கோ சேனலுக்கோ விற்றால் இத்தனை ரூபாய்" என்று எண்ணைப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எடிட்டிங் முழுதாக முடிந்தது என்று எழுத்தில் வராமல் ஒரு சுரம் போடாதீர்கள். இசை முடிந்த பிறகு நடுவில் நாலு நொடியை வெட்டினால் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு இசைத்துண்டும் நாலு நொடி தள்ளிப்போகும்.

#16 கீபோர்ட்_கோவை

எல்லோரும் சொன்னதை வைத்து உறுதிச் செய்தி ஒன்று எழுதிப் பார்த்தேன். ஆர்டர் வந்ததும் இதை அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்கப் போகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

"ஆர்டர்: மணமக்கள் பாட்டு, 3 நிமிடம், புது மெட்டு. ஆண் குரல் 1, பெண் குரல் 1, புல்லாங்குழல் நேரடிப் பதிவு. மொத்தம் ரூ.48,000. இன்று 24,000, மெட்டும் வரியும் ஒப்புக்கொண்டதும் 14,400, இறுதிக் கோப்புக்கு முன் 9,600. மெட்டு மாதிரி 2. வரிகள் ஒப்புதலுக்குப் பின் மாற்றம் செய்தால் பாடகர், ஸ்டூடியோ செலவு தனி. மிக்ஸ் திருத்தம் 2 சுற்று, ஒவ்வொன்றும் ஒரே செய்தியில். ஒப்புதல் சொல்பவர்: ____. பெயர்கள் தமிழில் எழுதியும் குரல் பதிவாகவும் தர வேண்டும். குடும்ப உபயோகத்துக்கு மட்டும். மெட்டு, ஒலிப்பதிவு உரிமை இசையமைப்பாளரிடம். கோப்புகள்: வேவ், எம்பி3, குரலற்ற டிராக், 30 நொடி, 15 நொடி. ப்ராஜெக்ட் ஓராண்டு பாதுகாக்கப்படும். ஆர்டரை நீங்கள் நிறுத்தினால் அதுவரை செய்த கட்டத்தின் தொகை திருப்பித் தரப்படாது."

#17 தம்பூரா_திருச்சி

நல்லா வந்திருக்கு தம்பி. தேதி எங்கே? "முதல் தொகை வந்த நாளிலிருந்து 25 நாள்"னு போடுங்க, "நீங்கள் ஒப்புதல் சொல்ல எடுக்கும் நாள் இதில் சேராது"ன்னும் போடுங்க. பத்து நாள் மெட்டைக் கேட்காம வச்சிருந்துட்டு, கடைசியில "நாளன்னைக்கு ரிசப்ஷன்"னு வருவாங்க. பத்து நாளுக்குள்ள வேணும்னா 30 சதவீதம் கூடுதல்னு ஒரு வரி.

#18 சுருதிப்பெட்டி

வரிகளைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். "மெட்டு, ஒலிப்பதிவு உரிமை இசையமைப்பாளரிடம், வரிகளின் உரிமை பாடலாசிரியரிடம்" என்று இருக்கட்டும். அவர் பெயரும் வீடியோவில் வர வேண்டும் என்று சேருங்கள்.

தேதி விஷயத்தில் இன்னொன்று. தை மாதக் கல்யாண ஆர்டர்கள் மார்கழியில் வந்து குவியும். அந்த மாதம் சென்னையில் சபாக் கச்சேரிகள். நல்ல குழல், வயலின், மிருதங்கக்காரர்கள் யாரும் பகலில் ஸ்டூடியோவுக்கு வர மாட்டார்கள். வந்தாலும் கச்சேரிக்கு முந்தின நாள் பாடகர் தொண்டையைக் காட்ட மாட்டார். தை முகூர்த்தப் பாட்டுக்கு நேரடிப் பதிவு வேண்டும் என்பவர்களிடம் கார்த்திகை முடிவதற்குள் வரிகளைப் பூட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வந்தால் நேரடிக் கருவி இல்லாத பட்டியலைக் காட்டுங்கள்.

#19 கீபோர்ட்_கோவை

25 நாள், அவசரக் கட்டணம், பாடலாசிரியர் பெயர், கார்த்திகைக் கெடு நான்கையும் சேர்த்துவிட்டேன். 15,000 ரூபாய்ப் பட்டியலுக்கு ஆறு மெட்டில் முதல் இரண்டை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். ஆண் குரலுக்கு ஒன்றரைக் கட்டையிலும் பெண் குரலுக்கு ஐந்தரையிலும் இரண்டு பிரதி, லூப் இல்லாமல்.